வசனம் போட்ட பூட்டு

…பலமில்லாத பாஸ்வேர்டுன்னு மட்டும் சொல்லாதீய ரஹ்மத்துல்லா பாய், எனக்குக் கெட்ட கோவம் வந்துரும். இந்த ஜெபசெல்வி வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போட்ட மாதிரி பூட்டு இந்தத் தாராவியிலயே கெடையாது. உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், செவத்துல சாஞ்சுக்கிடுங்க. லேபர் கேம்ப்ல கம்ப்யூட்டர் கடைய அடைச்சுட்டு எனக்காக வந்திருக்கிய, சாயா ஆறுது பாருங்க, குடிங்க மொதல்ல.

நடந்ததச் சொல்லிருதேன். எங்க பையன் ஜெர்வினுக்கு விக்ரோலில ஒரு பொண்ணு பாத்தோம்லா, ஷெரின்னு? கல்யாண சைட்ல நான்தான் தேடினேன், நான்தான் பேசினேன், முக்காவாசி முடிஞ்ச காரியம். கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு, பெரிய ஆபீஸ்ல வேல. திடீர்னு அவ அம்மா போன் பண்ணுதா. "ஏங்க்கா, பிடிக்கலன்னா நேர்ல சொல்லிருக்கலாம்லா, சைட்லயா எழுதி விடுவிய"ங்கா. எனக்கு ஒண்ணும் ஓடல. தொறந்து பாத்தா, என் பேருல, என் அக்கவுண்ட்ல இருந்து போயிருக்கு. எங்க பையனுக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம், மன்னிச்சுக்கிடுங்கன்னு, சுத்தமான இங்கிலீஷ்ல. நான் எழுதலன்னு கத்துதேன், அவ நம்பணும்லா? நாங்க என்ன வழியில கெடந்தவங்களான்னு கேட்டு போன வச்சுட்டா.

யாரு வேலைன்னு எனக்குத் தெரியும் பாய். எதிர்வீட்டு அகிலாண்டம். சாமி வேறன்னாலும் சொந்தக்காரி, அவ அண்ணன் மவளுக்கு எங்க ஜெர்வின் மேல ரொம்ப நாளா ஒரு கண்ணு. சீரியல் பாக்கேன்னு தெனம் வந்து இந்த கம்ப்யூட்டர ஒட்டித்தான் உக்காருவா. என்னது… அவளுக்கு இங்கிலீஷ் ஏதுன்னா கேக்கிய? மவன விட்டு எழுதியிருப்பா. கொழாயடில வச்சு கேட்டேன் பாருங்க ஒரு கேள்வி, கல்லி, இந்தச் சந்து முழுக்க பாத்திரத்தப் போட்டுட்டு வேடிக்கை பாத்துச்சு. பாதிக் கொடம் தண்ணியோட அழுதுகிட்டே போயிட்டா. நடிப்பு பாய், நடிப்பு.

வேற யாரு பண்ணுவா? எங்க வீட்டுக்காரரு சுவிட்சப் போட்டுட்டு ஃபேன் ஓடுதா லைட்டு எரியுதான்னு அண்ணாந்து பாக்குத ஆளு. ஜெர்வின் மத்தியானம் வரைக்கும் தூங்குவான், முழிச்சா பசிக்குதும்பான். அவனுக்கு எதையும் வேண்டாம்னு சொல்லக்கூட சோம்பல்.

பாஸ்வேர்டுக்கு வாரேன், அவசரப்படாதீய. மொத மொத ஜெர்வின் பேரும் ஒண்ணு ரெண்டு மூணும் வச்சேன். சந்துல கோலி ஆடுத பொடியனுவ எல்லாம் தொறந்து கேம்ல கார் ஓட்டிட்டு இருந்துச்சு. அப்புறம் போன் நம்பர வச்சேன். அத மாவு விக்கிதேன்னு வாசல் போர்டுலயே எழுதி மாட்டிருக்கேன். அப்பதான நீங்க திட்டினிய? நீளமா வைங்க, பெரிய எழுத்து வேணும், சின்ன எழுத்து வேணும், நம்பர் வேணும், புள்ளி கோடு ஏதாச்சும் வேணும், ஒண்ண ஒரு எடத்துலதான் வைக்கணும்… காலி பீலி, சும்மா கெடந்த மண்டையப் போட்டு உருட்டினிய. நான் எங்க போவேன் இத்தனைக்கும்?

ஆண்டவரு குடுத்தாரு பாய். புது வருச ராத்திரி ஆராதனையில வாக்குத்தத்த கார்டு எடுப்போம்லா… ஆங், உங்களுக்குத் தெரியாது. குலுக்கல் சீட்டுன்னு வச்சுக்கிடுங்க. எடுக்குத வசனம் அந்த வருசம் பூராவும் அந்தக் குடும்பத்துக்கு. அடியில அது பைபிள்ல எங்க இருக்குன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கும். புஸ்தகத்துப் பேருல மொத எழுத்து பெரிசு, மிச்சம் சிறிசு, அப்புறம் அதிகார நம்பர், நடுவுல ரெண்டு புள்ளி, வசன நம்பர். நீங்க கேட்டது அத்தனையும் இருக்கா இல்லியா? அடிச்ச ஒடனே பச்சைக் கோடு கடைசி வரைக்கும் ஓடிச்சு, ஸ்ட்ராங்னு. வருசம் பொறந்தா பாஸ்வேர்டும் புதுசு. கம்ப்யூட்டருக்கும் அதுதான், மெயிலுக்கும் அதுதான், கல்யாண சைட்டுக்கும் அதுதான். குடும்பத்துக்கு ஒரு வசனம்தான் தாராங்க, நான் என்ன செய்ய?

கார்டா? உங்க தலைக்கு மேலதான் இருக்கு, ஃப்ரேம் போட்டு. ஏன் சிரிக்கிய? எல்லார் வீட்டுலயும்தான் தொங்குது. இதுதான் பாஸ்வேர்டுன்னு நெத்தியிலயா எழுதி ஒட்டிருக்கு?

இருங்க, என்ன காட்டுதிய? கண்ணாடி போட்டுக்கிடுதேன்… யாரு யாரு உள்ள வந்தாங்கன்னு சைட்டே குறிச்சு வைக்குமா? சரி. இது நம்ம கம்ப்யூட்டர். இதுவும் நம்மதுதான். இது என்ன… போனா? எங்க வீட்டுல இந்தப் போன் யாருக்கும் இல்லியே. ஊரு என்ன போட்டிருக்கு?

விக்ரோலியா?

அகிலாண்டம் எதுக்கு விக்ரோலி போறா, அவ பக்கத்துல இருக்க சயான் தாண்டவே பயப்படுவாளே. நான்தான் போனேன். சம்பந்தி வீட்டு சபையில பெண்கள் கூட்டம்னு கூப்பிட்டாங்க. ஆண்டவரு செஞ்ச நல்லத சாட்சியா சொல்லச் சொன்னாங்க. வாரவ போறவ எல்லாம் காய்ச்சல் சொகமாச்சு, வேல கெடச்சுதுன்னு ஒரே பாட்டு. சம்பந்தி வீட்டு ஆளுங்க முன்னால நாம கொஞ்சம் புதுசா சொல்லுவோமேன்னு… மைக்கப் பிடிச்சு… என் வாக்குத்தத்தம்தான் என் கம்ப்யூட்டருக்கும் மெயிலுக்கும் கல்யாண சைட்டுக்கும் பூட்டு, எந்தத் திருடனாலயும் தொறக்க முடியாதுன்னு…

வசன நம்பரோடதான் சொன்னேன் பாய். நம்பர் சொல்லாம சாட்சி எப்படிச் சொல்ல? ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு ஒரே சத்தம்.

ஷெரின் மொத வரிசையில இருந்தா. போன்ல தட்டிக்கிட்டே இருந்தா. வசனத்தக் குறிக்கா, என்ன ஒரு பக்தியான பிள்ளன்னு அவ அம்மா காதுல சொல்லி நான் பூரிச்சுப் போனேன்.

…அவளுக்கு இவனப் பிடிக்கல. வீட்டுல சொன்னா ஒதைப்பாங்க. அதான் எனக்குள்ள பூந்து, என் வாயாலயே வேண்டாம்னு சொல்ல வச்சுட்டா. அவ பேரு கெடல, ஜெர்வின் பேரும் கெடல. கெட்டது நான் ஒருத்திதான். இதுல அந்த அகிலாண்டத்தப் போயி, பத்து பேரு முன்னால… சை. அவ கதவத் தட்ட எனக்கு இப்ப வெக்கமா இருக்கு.

கெளம்பிராதீய பாய். ஒரு எட்டு அகிலாண்டம் வீடு வரைக்கும் கூட வாங்க, நீங்க சொன்னா நம்புவா. புது பாஸ்வேர்டா? எடத்துக்கு ஒண்ணா நீங்களே ஏதாச்சும் போட்டு ஜெர்வின்ட்ட குடுத்துருங்க. எங்கிட்ட மட்டும் சொல்லிராதீய.

ஆனா ஒண்ணு பாய். எவ்வளவு மூள பாருங்க அந்தப் பிள்ளைக்கு. இப்படி ஒருத்திதான் எங்க வீட்டுக்கு வேணும். அவளுக்குத்தான் நாங்க வேண்டாம்.