டாமசின் சுரங்கத்தின் மேல் போகும் குறுக்குவழி

மாலை நாலரை மணி. ஜனவரி மாதம். எங்கள் கார்ன்வால் பக்கத்தில் ஜனவரியில் அந்த நேரத்துக்கே இருட்டத் தொடங்கிவிடும். மேட்டுப் பொட்டலின் ஒற்றையடிப் பாதை... ஆள் நடமாட்டமே கிடையாது. அதில் டிகோரி நான்கார்ரோ தனியாக ஓடிக்கொண்டிருந்தான்.

கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். நடுவில் எழுந்து போகிறவன் வீட்டுக்குத் தனியாகத்தான் போக வேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன். இந்த டிகோரி, என்னோடு சுரங்கத்தில் வேலை பார்த்த ஜாகோவுக்குத் தாய்மாமன். குடித்துவிட்டால் ஜாகோ வாயில் உண்மையே வராது. இதைச் சொன்ன அன்று அவன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை.

டிகோரியின் மனைவி ஜெனிஃபருக்கு அன்று விடியற்காலையிலேயே வலி கண்டுவிட்டது. தலைப்பிரசவம். பனிக்குடம் உடைந்து மணிக்கணக்காகியும் பிள்ளை அசையவில்லை. துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு மார்ஜரி வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் செத்துவிட்டது.

"பிள்ளை குறுக்கே கிடக்கு டிகோரி. கெசாயா அத்தையைக் கூட்டிட்டு வா. லேட் பண்ணினே, ரெண்டு உசிரும் போயிடும்."

மருத்துவச்சி கெசாயாவின் வீடு பொட்டலுக்கு அந்தப்புறம். வண்டிச்சாலையில் சுற்றி நடந்தால் ஒன்றரை மணி நேரம். பொட்டலில் குறுக்கே விழுந்து ஓடினால் அரை மணி. ஆனால் அந்தக் குறுக்குவழி டாமசின் சுரங்கத்தின் தலைமேல் போகிறது. சுரங்கம் மூடி ஏழு வருடம். இடிந்த என்ஜின் வீடு, மொட்டைப் புகைபோக்கி, புல்கூட முளைக்காத கல்மேடு, இவ்வளவுதான் மிச்சம். அந்த ஏழு வருடத்தில் டிகோரி ஒருநாள்கூட அங்கே கால் வைத்ததில்லை. வாய் பிளந்த குழிகளுக்குப் பயப்படுகிறான் என்று ஊர் நினைத்தது. ஊருக்கு என்ன தெரியும்!

விஷயம் வேறு. டிகோரிக்குச் சுரங்கத்தில் ஒரு கூட்டாளி இருந்தான், சாம்ப்சன் ஹாஸ்கிங். வெள்ளீயப் பாறையை ஆளுக்கொரு பக்கமாகக் குடைந்துகொண்டு வருவார்கள். நடுவில் பாறை. முகம் பார்க்க முடியாது. அதனால் இருவருக்குள்ளும் ஒரு சங்கேதத் தட்டு. மூன்று முறை வேகமாக. கொஞ்சம் நிறுத்தி... ஒன்று. 'உசிரோட இருக்கேன், நீ தோண்டு' என்று அர்த்தம். வேறு யாருக்கும் அது தெரியாது.

ஒருநாள் அறுபது பாகம், அதாவது முந்நூற்றறுபது அடி ஆழத்தில் கூரை இடிந்து விழுந்தது. சாம்ப்சன் உள்ளே மாட்டிக்கொண்டான். எல்லோரும் ஓடி வந்து கற்குவியலில் காதை வைத்தார்கள்.

டக் டக் டக்... டக்.

பாறைக்குள் குடியிருந்து தட்டும் குட்டிப் பேய்களான சின்னவர்களைப் பற்றி எங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் தட்டினால் அடுத்த கூரையும் வரப்போகிறது. கையிலிருக்கும் கருவியைக் கீழே போட்டுவிட்டு ஏணியேறிவிட வேண்டும். தட்டு நிற்கும்வரை இறங்கவே கூடாது. அது எங்கள் வழக்கம், அதனால் எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் அன்று சுற்றி நின்றவர்கள் தடுமாறினார்கள். ஆளா, சின்னவர்களா? எல்லோரும் கூட்டாளி டிகோரியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"சாம்ப்சன் தலைமேல கல்லு விழுந்ததை என் கண்ணால பார்த்தேன். இது சின்னவங்கதான். மேலே போயிடலாம்" என்றான் டிகோரி.

அதோடு விட்டானா? மதியத்துக்குக் கொண்டுவந்த பேஸ்டி ரொட்டியின் விளிம்பைப் பிய்த்து, சின்னவர்களுக்குப் படையல் வைக்கிற மாதிரி, அந்தக் கற்குவியல் மேல் வைத்துவிட்டு ஏணியேறினான். தட்டு நான்கு நாள் கேட்டதாம். ஐந்தாம் நாள் கேட்கவில்லை. அதோடு சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள்.

ஏன் அப்படிச் செய்தான் என்கிறீர்களா? ஜெனிஃபருக்கும் சாம்ப்சனுக்கும் அடுத்த மாதம் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. ஒரு வருடம் பொறுத்திருந்து அவளை இவன் கட்டிக்கொண்டான். அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவனைப் பாவம் என்று எவனாவது சொன்னால் நான் இத்தோடு நிறுத்திவிடுவேன்.

ஆனால் ஒன்று. அவளை அவன் உயிராக நேசித்தான். அதனால்தான் அன்று அந்த வழியில் இறங்கினான்.

காற்று இல்லை. நனைந்த புதர் வாசனை. ஆர்சனிக் நஞ்சைச் சுட்டெடுத்த பழைய சூளையைத் தாண்டும்போது குப்பென்று அந்த நஞ்சின் பூண்டு நாற்றம். என்ஜின் வீட்டுச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது... காதில் கேட்பதற்கு முன்னால் உள்ளங்காலில் உணர்ந்தான்.

டக் டக் டக்... டக்.

நின்றான். அது நின்றது. நடந்தான். அது முன்னால் போய்த் தட்டியது.

"சாம்ப்சன்" என்றான். "இன்னிக்கு வேணாம்டா. அவ சாகக் கிடக்கா. பிள்ளை பொறக்கட்டும். நானே வந்து தோண்டறேன், சத்தியமா."

டக் டக் டக்... டக்.

கெஞ்சியவனுக்கு வெறி ஏறிவிட்டது. கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டே பூட்ஸ் காலால் தரையை மிதித்தான். திரும்பத் திரும்ப மிதித்தான். தரை 'சளக்' என்று உள்வாங்கியது. வலது கால் முழங்கால்வரை இறங்கிவிட்டது. உள்ளே ஒரு கை அவன் கணுக்காலைப் பிடித்தது.

எலும்பில்லை. சதை. ஈரமாக, வழவழவென்று... சூடாக இருந்தது. ஏழு வருடம் மண்ணில் கிடந்த கை எப்படிச் சூடாக இருக்கும்? அது அவனைக் கீழே இழுக்கவும் இல்லை. பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வெளியே வர வழி கேட்கிறவன் பிடிக்கிற பிடி. இதை டிகோரியே பிறகு ஜாகோவிடம் சொன்னான்.

அந்த நேரத்தில் யோசிக்க அவனுக்குப் பொறுமை ஏது? ரொட்டி அளவு கருங்கல் ஒன்று கைக்குக் கிடைத்தது. காலைச் சுற்றி மண்ணைப் பறித்தான். சேற்றுக்குள் விரல்கள் தெரிந்தன. ஓங்கி அடித்தான்.

சுண்டு விரல். காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். பிடி விடவில்லை. அடுத்த விரல். நடுவிரலுக்கு இரண்டு அடி தேவைப்பட்டது. அழுதுகொண்டே அடித்தான் என்கிறான் ஜாகோ. ஆட்காட்டி விரல் நசுங்கியபோது ரத்தம் அவன் வாயில் தெறித்தது. உப்புக் கரித்தது. மண்ணுக்கடியிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. கட்டை விரல் தானாகவே விட்டுவிட்டது.

எழுந்தான்... ஓடினான். பொட்டல் முடியும்வரை காலடியில் ஒரு சத்தமும் இல்லை.

கெசாயா அத்தை வாயாடிக் கிழவி. அவன் சட்டையைப் பார்த்துவிட்டு, பிள்ளை பெறுவது உன் பெண்டாட்டியா நீயா என்று கேட்டாளாம். முள்ளில் விழுந்துவிட்டேன் என்றான். அவளுடைய மட்டக்குதிரை வண்டியில், நல்ல சாலை வழியாகவே திரும்பினார்கள். வீட்டில் விளக்கு எரிந்தது. அலறல் இல்லை.

உள்ளே ஜெனிஃபர் உயிரோடு இருந்தாள். வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். பிள்ளையும் பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை, மூச்சு இருந்தது. டிகோரி வாசற்படியிலேயே மண்டியிட்டு, கடவுளே கடவுளே என்று அழுதான். ஆனால் மார்ஜரி அடுப்போரம் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெசாயா அத்தை அவளை உலுக்கி என்ன நடந்தது என்று கேட்டாள்.

"முதல்ல ஒரு கை மட்டும் வெளியே வந்துச்சு அத்தை. என் விரலைக் கெட்டியாப் பிடிச்சுக்குச்சு. நான் இழுக்கல, சத்தியமா இழுக்கல. திடீர்னு அது..." மார்ஜரி மறுபடி முகத்தை மூடிக்கொண்டாள்.

கட்டிலிலிருந்து ஜெனிஃபர் சொன்னாள். "யாரோ அடிச்சாங்க டிகோரி. அஞ்சு தடவை. எனக்கு உள்ளேயே கேட்டுச்சு. அப்புறம் கை உள்ளே போயிடுச்சு. பிள்ளை தானாத் திரும்பி வந்துச்சு."

கெசாயா அத்தை துணியை விலக்கினாள். குழந்தையின் வலது கையில் நான்கு விரல்கள் கூழாகியிருந்தன. கட்டை விரலில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, காயத்திலிருந்து எதையோ ஊசி முனையால் எடுத்துத் தட்டில் போட்டாள். மினுமினுவென்று இருந்தது. கருங்கல் பொடி.

"பிரசவத்துல ஒடிஞ்ச கை எத்தனையோ பார்த்திருக்கேன். இது கல்லால நசுக்கினது. இந்த வீட்டுல யாரு செஞ்சது?" என்றாள் கெசாயா அத்தை.

ஜெனிஃபர் தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். ரத்தமும் சேறுமாக நின்றுகொண்டிருந்தான்.

"உனக்கு வழியில ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள்.