மதிலுக்கு வெளியே

— உக்காருங்க ஐயா. பாஸ்டரை நிக்கவச்சுப் பேசினா எனக்குத்தான் பாவம், சரிதானே?

— ஸ்தோத்திரம்மா. சேர்மன் நாற்காலியில உக்காந்தும் நீங்க மரியாதையை விடல. அந்த ரோடு விஷயமாத்தான்... நம்ம கோயிலை இடிக்கப் போறாங்களாமே?

— ஆமா. பீடத்துக்கு நடுவுல ரோட்டுக் கோடு போகுது. பிளானைப் பார்த்தேன்.

— இவ்வளவு சாதாரணமா சொல்றியேம்மா! நீ ஞானஸ்நானம் எடுத்த இடம்!

— அதுக்கு என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?

— நீ ஒரு வார்த்தை சொன்னா போதும். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை சபையோட தெருவுல இறங்கிடுவோம். புல்டோசர் முன்னாடி நானே நிப்பேன்.

— அடேங்கப்பா! சபைக்கு எதுக்குய்யா அரசியல்?

— அநியாயத்தைப் பார்த்துட்டு வாயை மூடிட்டு இருக்கச் சொல்றியா? இயேசு சாமியே தேவாலயத்துல வியாபாரிங்க மேஜையைக் கவுத்துப் போட்டாரே!

— ஓஹோ, அந்த வசனம் இப்பத்தான் கண்ணுல பட்டுச்சா? வாய்க்கால் ஓரத்து வீடுங்களை இடிக்க வந்தப்போ, எங்கண்ணன் உங்க வாசல்ல வந்து நின்னான், சரிதானே? "மணியாவது அடிங்க ஐயா, ஜனங்க கூடட்டும்"னு கெஞ்சினான். என்ன சொன்னீங்க?

— பழசை எதுக்கும்மா இப்ப...

— சொல்லுங்க.

— ஜெபம் பண்றோம்னு சொன்னேன்.

— பண்ணீங்க. கதவைச் சாத்திக்கிட்டுப் பண்ணீங்க. அவன் ஒத்தையில போய் புல்டோசர் முன்னாடி நின்னான். மறுநாள் அவனைப் பெட்டியில வச்சுத் தூக்கிட்டு வந்தோம். கேட்டைப் பூட்டிட்டீங்க.

— சபை மேலிடத்து உத்தரவும்மா. அரசியல் சாவு, கல்லறைத் தோட்டத்துல இடம் குடுக்காதேன்னுட்டாங்க. போலீஸ் வேற நின்னுச்சு. பயந்துட்டேன். எனக்கு மட்டும் மனசு கேட்டுச்சா?

— எங்கம்மா உங்க கால்ல விழுந்தா. கோயில் மதிலுக்கு வெளிய புதைச்சுக்கங்கன்னு கையைக் காட்டினீங்க. இதே கை.

— மன்னிச்சிரும்மா. உன் கோபம் நியாயம்தான். ஆனா கோயில் என்ன பண்ணுச்சு?

— ஒண்ணும் பண்ணல. அன்னைக்கும் அது ஒண்ணுமே பண்ணல.

— இஞ்சினியரைப் போய்ப் பார்த்தேன். முதல் பிளான்ல ரோடு கோயிலைத் தொடவே இல்லையாம். மதிலுக்கு வெளியவே போச்சாம். யாரோ கடைசி நேரத்துல ரோட்டை உள்ள தள்ளிட்டாங்களாம். யாரும்மா அந்தப் பாவி?

— மதிலுக்கு வெளிய யாருய்யா படுத்திருக்கான்?