எட்டாவது செல்லோ

ஒலிப்பதிவு நாளில் எல்லோரும் காலையில் கஞ்சி குடித்துவிட்டுத்தான் வர வேண்டும், ஐயா. வெறும் வயிறு இரையும். என் மைக்குகளுக்கு அது இடிச் சத்தம். சியோலில் எந்த வாத்தியக்காரரை வேண்டுமானாலும் என்னைப் பற்றிக் கேளுங்கள். குக் தே-சொப் கறாரான ஆள், ஆனால் கஞ்சியை அவனே வாங்கி வைத்திருப்பான் என்பார்கள்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். எட்டுப் பேரைச் சேர்ந்து வாசிக்க வைத்து, செல்லோவின் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக, மெல்ல ஒரு தடவை, அழுத்தி ஒரு தடவை என்று பதிவு செய்து கணினிக்குள் அடுக்கி வைப்பேன். டிவி தொடர்களுக்கு இசை போடுகிறவர் வீட்டில் உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்தினால் போதும், எட்டு செல்லோவும் பனிமூட்டம் மாதிரி காட்சி முழுக்கப் பரவும். நீங்கள் கண் கலங்கிய காட்சிகளில் பாதி என் கைவரிசையாக இருக்கும்.

என் விதி ஒன்றுதான். தந்தியிலிருந்து வில்லை எடுத்த பிறகும் சுரம் கூடத்தில் கரைந்து அடங்கும்வரை யாரும் அசையக் கூடாது. பதிவு ஓடும்போது எரியும் சிவப்பு விளக்கை நான் அணைக்க வேண்டும், அப்புறம்தான் இருமலோ தும்மலோ. ஏசி இரையும் என்பதால் ஆகஸ்ட் மாதத்திலும் அதை நிறுத்தித்தான் வைப்பேன்.

ஓக் மி-ரான் பதினோரு வருடம் என்னிடம் வாசித்தவள். வாய் கொஞ்சம் அதிகம். அன்று இடைவேளையில் எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தாள்.

“தே-சொப் அண்ணே, நாங்க உயிரக் குடுத்து வாசிக்கிறோம். உங்க பெட்டிக்குள்ள போனதும் ஐஸ்ல வெச்ச மீனாட்டம் ஆயிடுது.”

பக்கத்து நாற்காலிக்காரர் தாக் ஜுன்-பியோ விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். கோபம் இல்லை, ஐயா. அவள் சொன்னது உண்மை, அதனால் வலித்தது. முப்பது வருடமாக நானும் அதைத்தான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுபடி உட்கார்ந்ததும் அவள் குரல் இறங்கியிருந்தது.

“அண்ணே, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது. பத்து நிமிஷம் ஏசியப் போடுங்களேன்.”

“இன்னும் நாலே சுரந்தான் மி-ரான். முடிச்சிட்டுப் போடறேன்.”

மூன்றாவது சுரத்தின் முடிவில் ஏழு விற்கள் தந்தியை விட்டு எழுந்தன. அவளுடையது எழவில்லை. நழுவிக்கொண்டே இருந்தது. ஹெட்ஃபோனில் அதைக் கேட்டேன். மெலிந்து, நடுங்கி, இதோ அறுந்துவிடும் என்று நினைக்க வைத்து, அறாமல் வந்துகொண்டிருந்தது. எவ்வளவு கெஞ்சியும் யாரும் எனக்கு அப்படி ஒன்றை வாசித்துத் தந்ததில்லை.

என் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று என் வக்கீல் சொல்வார், அவர் பிழைப்பு அது. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு விளக்கைப் பார்த்தாள், பிறகு செல்லோவின் கழுத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கடைசி வரிசை என்பதால் மற்றவர்களுக்குத் தெரியவில்லை. ஜுன்-பியோ மட்டும் பாதி எழுந்தார். நான் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினேன். உட்கார்ந்துவிட்டார். அவரை விட்டுவிடுங்கள், பாவம், பழக்கதோஷம்.

சுரம் பத்தொன்பது வினாடியில் முடிந்துவிட்டதே, விளக்கு ஏன் இரண்டு நிமிடம் எரிந்தது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. வில் மடியில் சரிந்த பிறகும் அவள் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. விட்டு விட்டு வந்தது. ஒவ்வொன்றையும் கடைசி என்று நினைத்தேன், இன்னொன்று வந்தது. அது நின்று, கூடமும் அடங்கிய பிறகுதான் விளக்கை அணைத்தேன். ஆம்புலன்ஸுக்கு நானேதான் போன் செய்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு நிமிடத்தை அழித்துவிட வேண்டும் என்று அவள் கணவர் மனு கொடுத்திருக்கிறாராம். முடியாது. என் மேல் கொலை என்றே எழுதுங்கள், எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒரு தடவை ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். உயிர் இருக்கிறதா இல்லையா? அதை அழிப்பதுதான், ஐயா, கொலை.