விளக்கு எரிஞ்சா வண்டி நகராது

கணவர்: டேஷ்போர்டுல விளக்கு எரியுதுன்னு நான் அப்பவே சொன்னேனா இல்லையா?

மனைவி: சொன்னீங்க. அந்த நேரத்துல ரோட்டையும் கொஞ்சம் பாத்திருந்தா, லாரியில நீட்டிக்கிட்டிருக்கிற கம்பி இப்ப நம்ம கண்ணாடியத் தடவிக்கிட்டு நிக்காது.

மச்சினன்: கம்பி தடவலக்கா. கம்பி முனையில கட்டியிருக்கிற சிவப்புத் துணிதான் தடவுது. கம்பிக்கு இன்னும் ஒரு சாண் இருக்கு.

மனைவி: ஓ... ஒரு சாண் இருக்கா? அப்ப நான்தான் தேவையில்லாம கத்திட்டேன்.

கணவர்: பிரேக் விளக்கு எரியிற வண்டிய எவனாலயும் இத விடச் சீக்கிரமா நிறுத்த முடியாது. என்னால நிறுத்த முடிஞ்சுதேன்னு சந்தோஷப்படு.

மனைவி: சந்தோஷமாதான் இருக்கேன். கதவுப் பிடியத்தான் இன்னும் விட முடியல. சந்தோஷத்துல இருக்கும்.

மச்சினன்: மாமா, லாரி கிளம்பிடுச்சு. பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்க.

கணவர்: அடிக்கட்டும். ஹாரன் நல்லா இருக்கிறவன் அடிப்பான்... இரு, ஓரமா நிறுத்துறேன்.

மனைவி: மெதுவா. அங்க ஒரு மரம் இருக்கு. அதுக்கும் நம்மளுக்கும் எந்தப் பகையும் இல்ல.

கணவர்: தெரியுது, தெரியுது... ம். நிறுத்தியாச்சு. இப்பப் பாரு. கியர்பாக்ஸ் விளக்கும் எரியுது. ரெண்டும் ஜோடியா.

மனைவி: எங்க?

கணவர்: இங்க. பல்சக்கரம் மாதிரி ஒண்ணு, வட்டத்துக்குள்ள கோடு போட்டு ஒண்ணு... அட, அணைஞ்சுபோச்சு.

மனைவி: வெக்கப்பட்டுக்கிட்டு உள்ள போயிடுச்சு. பொம்பளை பாக்குறான்னு.

மச்சினன்: இல்லக்கா, இப்ப எரிஞ்சுது, நானும் பாத்தேன். அதுல பொய்யில்ல.

கணவர்: கேட்டியா? உன் தம்பியே சொல்றான். அவன் டிரைவிங் ஸ்கூல் நடத்துறவன். டப்பா வண்டியில சொல்லிக்குடுத்தாலும் வாத்தியார் வாத்தியார்தான்.

மச்சினன்: நன்றி மாமா. டப்பா வண்டிதான். ஆனா அது நாளைக்கு பத்துப் பேரு மிதிக்கிற மிதியத் தாங்குது.

கணவர்: அதுல கெட்டுப்போக என்னடா இருக்கு? இது அப்படியா? எங்க முதலாளி கடல் தாண்டி வரவழைச்ச வண்டி. அந்தக் காலத்துல இந்த ஊர்லயே ரெண்டுதான்.

மனைவி: இன்னிக்கும் ரெண்டுதான். இன்னொண்ணு காயலான் கடையில நிக்குது.

கணவர்: இந்த வண்டியப் பத்திப் பேசு. உக்காந்திருக்கிற சீட்டு எப்படி இருக்கு? சொகுசு இல்ல?

மனைவி: சொகுசா? ஏசியப் போட்டா சீட்டு சூடாகுது. ஜன்னல் இறங்குனா ஏற மாட்டேங்குது. முதலாளி இறங்குறப்ப ஃபைலத் தூக்கிக்கிட்டு இந்த வண்டி பின்னாடியே ஓடினீங்க. ரிட்டயர் ஆனதும் அதே வண்டிய வாங்கினீங்க. சரி, ஆசைப்பட்டீங்க, உக்காருங்கன்னு விட்டேன். சீட்டுல என்னை வறுத்தெடுப்பீங்கன்னு நெனக்கல.

கணவர்: இப்ப என்ன பண்ணலாம்னு பேசுவோம். ஒரு டாக்சிய வரச் சொல்லு. வண்டி இங்கயே கெடக்கட்டும். வொர்க்‌ஷாப்காரன் வந்து எடுத்துட்டுப் போவான்.

மனைவி: மறுபடியுமா? மூணு தடவ போய்ட்டு வந்துடுச்சே. ஒவ்வொரு தடவையும் ஊரச் சுத்திப் பாத்துட்டு, ஒண்ணுமே எரியல சார்னு திருப்பி அனுப்பினாங்க. அங்க போனா மட்டும் நல்ல புள்ளையா ஆயிடுது.

கணவர்: விட்டு விட்டு வர்ற கோளாறு அப்படித்தான். டாக்டர்கிட்ட போனா பல்லு வலி நிக்குதில்ல?

மனைவி: பல்லு வலின்னதும் ஞாபகம் வருது. பல் டாக்டர்கிட்ட போக கிளம்பினோம். பெட்ரோல் பங்க் தாண்டல, விளக்கு. உங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பினோம். பாலம் ஏறல, விளக்கு. கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு ஆட்டோவுல போன ஒரே ஆளு நான்தான். வீட்டுல இவ்வளவு நீள கார் நிக்குது.

கணவர்: விளக்கு எரியிற வண்டியில ஏத்திக்கிட்டுப் போய் உன்னைக் கொல்லச் சொல்றியா?

மனைவி: அதுக்குத்தான் இன்னிக்கு லாரி வந்துச்சே.

மச்சினன்: அக்கா... போதும். ரயில் வர்ற நேரமாச்சு. உங்க பொண்ணு கைக்குழந்தையோட ஸ்டேஷன்ல இறங்கி நிப்பா. மாமா, நான் ஓட்டவா?

கணவர்: நீயா? இந்த வண்டிய வெளியாள் யாரும் தொட்டதில்ல.

மச்சினன்: வொர்க்‌ஷாப்காரங்க தொட்டாங்களே.

கணவர்: அவங்க தொட்டதாலதான் இந்த நிலைமை.

மனைவி: நீ சும்மா இருடா. உனக்கு எதுக்கு வம்பு?

கணவர்: ஆமா... அது என்ன, ரெண்டு பேரும் கண்ணாடி வழியா சைகை காட்டிக்கிறீங்க? வீட்டுல கிளம்புனதுலேர்ந்து பாக்குறேன்.

மனைவி: கண்ணுல தூசி.

கணவர்: ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல?

மச்சினன்: அக்கா தம்பி இல்லையா மாமா... ஒரே ரத்தம்.

கணவர்: ம்... சரி, டாக்சியக் கூப்பிடு. பொண்ணுக்கு போன் பண்ணி, பிளாட்ஃபாரத்துலயே நில்லுன்னு சொல்லு. வண்டி மக்கர் பண்ணிடுச்சுன்னு சொல்லு.

மனைவி: கூப்பிடுறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். லாரிக்குப் பின்னாடி போறப்ப நீங்க எங்க பாத்தீங்க?

கணவர்: எத்தனை தடவ சொல்றது? விளக்கத்தான்.

மனைவி: விளக்கு எங்க இருக்கு?

கணவர்: ஸ்டியரிங்குக்கு முன்னாடி. வேற எங்க, டிக்கியிலயா?

மனைவி: நீங்க குனிஞ்சீங்க. தலை ஸ்டியரிங்குல இடிக்கிற அளவுக்குக் குனிஞ்சு கீழ பாத்தீங்க.

கணவர்: ...ஏதோ விழுந்த மாதிரி இருந்துச்சு.

மனைவி: என்ன விழுந்துச்சு?

கணவர்: ஒண்ணும் விழல. விழுந்த மாதிரி இருந்துச்சுன்னுதானே சொன்னேன். வக்கீல் மாதிரி கேக்காத.

மனைவி: சரி, வக்கீலா கேக்கல. பொண்டாட்டியா கேக்குறேன். போன மாசம் ஒத்தச் செருப்போட வீட்டுக்குள்ள வந்தீங்க. இன்னொண்ணு எங்கன்னு கேட்டா, ரெண்டும் கால்லதான இருக்குன்னீங்க.

கணவர்: யோசனையில இருந்தேன்.

மச்சினன்: மாமா, அந்தச் செருப்ப தெருமுனையில இருந்து நான்தான் எடுத்துட்டு வந்தேன். அவ்வளவு தூரம் வெறுங்கால்ல, ஜல்லி கொட்டியிருந்த ரோட்டுல...

கணவர்: நீ என்ன, சாட்சியா?

மனைவி: அப்புறம் வெந்நீர். பக்கெட்டுல வலது கால வச்சுக்கிட்டு பேப்பர் படிச்சீங்க. சூடு போதுமான்னு நான் விரல விட்டுப் பாத்தேன். எடுத்த விரல வாயில வச்சுக்கிட்டு உள்ள ஓடினேன். நீங்க தலையே தூக்கல. இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு சொன்னீங்க.

கணவர்: அன்னிக்குக் குளிர் ஜாஸ்தி.

மனைவி: மறுநாள் காலெல்லாம் கொப்புளம். புது ஷூ கடிச்சிடுச்சுன்னு சொன்னீங்க. வீட்டுல ஏது புது ஷூ?

மச்சினன்: நான் வேணா இறங்கி அந்தப் பக்கம் நிக்கட்டுமா?

கணவர்: உக்காருடா. நீ இறங்கினா இவ குரல் இன்னும் ஏறும்.

மனைவி: ஏறாது. ஏத்துறதுக்குத் தெம்பில்ல. எப்பத்துலேர்ந்து இப்படி?

கணவர்: எப்படி?

மனைவி: என்னங்க...

கணவர்: ...மழைக்கு முன்னாடியிலேர்ந்து. முதல்ல வலது கால் விரல் மட்டும் மரத்துச்சு. சக்கரை ஏறினா அப்படித்தான், எறங்கினா சரியாயிடும்னு நெனச்சேன். அப்புறம் பாதம். பஞ்சுல நிக்கிற மாதிரி.

மனைவி: டாக்டர்கிட்ட?

கணவர்: போனேன். தனியா. மாத்திரை குடுத்தாரு. வண்டி ஓட்டுவீங்களான்னு கேட்டாரு. ஓட்டமாட்டேன்னு சொல்லிட்டு, ஓட்டிக்கிட்டே வீட்டுக்கு வந்தேன்.

மச்சினன்: நல்ல பதில் மாமா.

கணவர்: வேற என்னடா சொல்லச் சொல்ற? அப்புறம் பெடல் மேல கால் இருக்கா இல்லையான்னு தெரியாம போச்சு. சரி, இடது கால் அப்ப நல்லாதானே இருந்துச்சு, அத பிரேக் மேலயே வச்சுக்கிட்டேன். இது ஆட்டோமேட்டிக், கிளட்ச் கெடையாது, ரெண்டே பெடல். ரெண்டு காலுக்கும் ஆளுக்கொண்ணு.

மச்சினன்: அய்யய்யோ... அப்ப அதான் விளக்கு. எங்க ஸ்கூலுக்கு புதுசா வர்றவங்க பண்றது. ஓட்டுறப்பவே பிரேக் மேல கால ஊனிக்கிட்டே இருந்தா, போகச் சொல்றாரா நிக்கச் சொல்றாரான்னு தெரியாம வண்டி குழம்பிடும். விளக்கப் போட்டுட்டு, நீயே பாத்துக்கன்னு விட்டுடும்.

கணவர்: வொர்க்‌ஷாப்காரன் ரெண்டாவது தடவையே அதத்தான் சொன்னான்.

மனைவி: அப்ப தெரியுமா உங்களுக்கு? விளக்கு எதுக்கு எரியுதுன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் இத்தனை நாளா பழிய வண்டி மேல போட்டீங்களா?

கணவர்: வண்டிக்கு வாய் இல்லையே.

மனைவி: எனக்கு இருக்கே. என்கிட்ட சொல்லியிருக்கலாமே.

கணவர்: சொன்னா? சாவிய வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிடுவ. அப்புறம் என்னை ஒரு ஓரமா உக்காத்தி வச்சு, தண்ணி வேணுமா, காத்து வேணுமான்னு கேப்ப. விளக்கு எரிஞ்சா வண்டிக்குத்தான் வயசாயிடுச்சுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. எரியட்டும்னு இருந்துட்டேன்.

மனைவி: இன்னிக்கு?

கணவர்: இன்னிக்கு... பேத்தி மொத தடவையா வர்றா. ஒரு தடவ, அவளையும் ஏத்திக்கிட்டு வந்துட்டு விட்டுடலாம்னு... மடத்தனம்தான். லாரி பிரேக் போட்டான். நானும் போட்டேன். வண்டி உடனே நிக்கல. இடது கால் எங்க போச்சு, வலது கால் எங்க இருக்கு, ஒண்ணும் புரியல. குனிஞ்சு காலத் தேடினேன். சொந்தக் கால... கண்ணால தேடினேன்.

மச்சினன்: மாமா, இந்தாங்க, தண்ணி குடிங்க.

கணவர்: பாத்தியா? ஆரம்பிச்சுட்டான். தண்ணி வேணுமான்னு.

மனைவி: குடிங்க. குடிச்சிட்டு இறங்கி இந்தப் பக்கம் வாங்க.

கணவர்: எதுக்கு? டாக்சி வர்றதுக்குள்ள வெயில்ல நிக்கவா?

மனைவி: டாக்சி வராது. நான் கூப்பிடல.

கணவர்: அப்ப உன் தம்பி ஓட்டப் போறானா? சரி, ஓட்டட்டும். இனிமே எனக்கு என்ன...

மச்சினன்: நான் பின்னாடியே இருக்கேன் மாமா. சீட்டு சொகுசா இருக்கு. இன்னிக்கு சூடுகூட ஆகல.

மனைவி: நான் ஓட்டுறேன். லைசென்ஸ் எடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. இவனோட டப்பா வண்டியிலதான் கத்துக்கிட்டேன். கத்துக்கிட்டதுக்கு அப்புறம், மத்தியானம் நீங்க படுத்ததும் இந்த வண்டிய எடுத்துக்கிட்டு ஏரிக்கரை வரைக்கும் போய்ட்டு வருவேன். நாள் தவறாம. கியர்பாக்ஸ் விளக்கு, பிரேக் விளக்கு, ஒண்ணும் எரிஞ்சதில்ல. உங்ககிட்ட எப்படிச் சொல்றது, சொன்னா மனசு உடைஞ்சுபோவீங்களேன்னு வாய மூடிக்கிட்டிருந்தேன். நீங்க நிம்மதியாத் தூங்குவீங்க, நான் திருடி மாதிரி சாவிய எடுத்துக்கிட்டுப் போவேன்.

கணவர்: எவன் தூங்கினான்? நீ வாசல் கேட்டைத் தாண்டுற வரைக்கும் மாடி ஜன்னல்ல நிப்பேன், திரும்பி வர்ற சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ப் படுத்துக்குவேன்... சாவிய நீ தேடக் கூடாதுன்னுதான் டிவி மேலயே வச்சேன், இன்னிக்காவது, நகருங்க நான் ஓட்டுறேன்னு சொல்லுவ சொல்லுவன்னு பாத்து அலுத்துப்போச்சு... இந்தா, புடி. பின்னாடி எடுக்குறப்ப மட்டும் இடது பக்கக் கண்ணாடியப் பாரு, ஒரு நாளாவது பாத்திருக்கியா நீ?