அண்ணனிடம் சொல்ல ஓர் ஒத்திகை

அண்ணி: மறுபடியும் முதல்லேர்ந்து. இப்ப நான்தான் உங்க அண்ணன். சொல்லு.

தம்பி: அண்ணா...

அண்ணி: என்னடா?

தம்பி: ஐயோ அண்ணி, அப்படியே அவர் மாதிரி கேக்காதீங்க! நாக்கு மேல ஒட்டிக்குது.

அண்ணி: கடையில முடி வெட்டும்போது மட்டும் ஊர்க்கதை எல்லாம் அளக்குற. வீட்டுக்கு வந்தா வாய்க்குப் பூட்டா?

தம்பி: சரி, சரி. அண்ணா, நான் நம்ம கடையை விட்டுப் போறேன். வேற கடையில வேலை கிடைச்சிருக்கு.

அண்ணி: எந்தக் கடை?

தம்பி: அது... பெரிய கடை. ஏசி எல்லாம்...

அண்ணி: பேரு?

தம்பி: பேரெல்லாமா கேப்பார்?

அண்ணி: அவர் கேக்கமாட்டார். நான் கேக்கறேன். உனக்குப் பொய் வராதுப்பா. காது சிவந்துபோச்சு பாரு.

தம்பி: காதைப் பாக்காதீங்க அண்ணி.

அண்ணி: ரெண்டு பேருக்கும் சண்டையா?

தம்பி: ச்சே! அவரோட யாரால சண்டை போட முடியும்?

அண்ணி: அப்ப எதுக்குப் போகணும்? சுத்தி வளைக்காம சொல்லு.

தம்பி: வர்றவங்க எல்லாரும் என் நாற்காலிக்கே வர்றாங்க அண்ணி. அவர் நாற்காலி காலியாத்தான் கிடக்கு. ஆனா, "தம்பி முடிக்கட்டும், அவசரமில்லை"ன்னு பேப்பரை விரிச்சுக்கிறாங்க. அவர் துடைச்ச கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைக்கிறார்.

அண்ணி: ஏன் உன்கிட்டயே வர்றாங்க?

தம்பி: எப்படிச் சொல்றது...

அண்ணி: வாயாலதான்.

தம்பி: அவருக்குக் கை நடுங்குது அண்ணி. வலது கை. சவரக்கத்தியை எடுத்தாலே ஆரம்பிச்சிடுது. போன வாரம் சவரத்துக்கு வந்த வாத்தியாருக்குத் தாடையில கிழிச்சிடுச்சு. வாத்தியார் ஒண்ணும் சொல்லலை. ஆனா, அண்ணன் முகம்... எனக்குச் சீப்புப் பிடிக்கக் கத்துக்கொடுத்த கை அது. "கத்தியைக் கீழ வைங்க, டாக்டர்கிட்ட போவோம்"னு நானா சொல்றது? அதான், பேசாம போயிடலாம்னு...

அண்ணி: நீ போயிட்டா நடுக்கம் நின்னுடுமா?

தம்பி: நிக்காது.

அண்ணி: அப்ப, இப்ப சொன்னியே, அதையே அவர்கிட்ட சொல்லு. ஒரு வார்த்தை மாத்தாதே.

தம்பி: தாங்குவாரா? ஆமா... நீங்க என்ன இப்படிச் சாதாரணமா கேட்டுக்கிட்டிருக்கீங்க? உங்களுக்குப் பதறலையா?

அண்ணி: நேத்து நீ குளிக்கப் போனப்போ அவர் வந்து உன் இடத்துல உக்கார்ந்தார். "தம்பிகிட்ட ஒண்ணு சொல்லணும், பேசிப் பாக்கறேன், நீ அவனா இரு"ன்னார். இருந்தேன். அப்புறம் அந்தக் கையை மட்டும் என் முன்னால நீட்டினார். நீயாவது பேசுடா... மாடியிலதான் இருக்கார், போ.