பதில் சொல்ல ஓர் ஆள்

ஊரப்பாக்கத்தில் ஏறிய இரண்டு பெண்கள் மின்சார ரயிலில் என் எதிரே உட்கார்ந்தார்கள். மூத்தவர் நெற்றியில் திருநீறு, மடியில் ஃபிளாஸ்க்.

"ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல டாக்டர், 'சாமியைக் கும்பிட்டுக்கங்க'ன்னார். எங்க வீட்டுக்காரர் கையைத் தூக்கி 'இன்குலாப்'னார்."

"ஆபரேஷனுக்கு முன்னாடியுமா, அக்கா?"

"பதில் சொல்ல அங்க தோழருங்க யாரும் இல்லையே. தூக்கின கை இறங்கவே இல்ல. நான்தான் 'ஜிந்தாபாத்'ன்னேன்."

"கிருத்திகை விரதம் இருக்கற நீங்களா?"

"'முருகனுக்கு'ன்னு ஒருத்தர் சொன்னா, 'அரோகரா'ன்னு சொல்லாம விடுவியா? அதைக் கேட்டதும் அவர் முகம் அப்படியே தெளிஞ்சிடுச்சுடி. திருச்செந்தூர்ல என் முகம்கூட அப்படி ஆனதில்ல."

இளையவர், "இப்ப எப்படி இருக்கார்?" என்றார்.

"ரெண்டு நாளா நினைவு வரல. இன்னைக்கு அவர் காதுகிட்ட நானே 'இன்குலாப்' சொல்லப் போறேன். ஆனா அவர் எப்பவும் முன்னாடி சொல்றவர். பதில் சொல்லிப் பழக்கமில்ல."

குரோம்பேட்டை வந்தது. ஆஸ்பத்திரிக்கு இறங்க மூத்தவர் எழுந்தார். கையில் சைதாப்பேட்டை டிக்கெட் வைத்திருந்த இளையவரும் கூடவே எழுந்தார்.

"நீங்க முன்னாடி சொல்லுங்க அக்கா, நான் பதில் சொல்றேன். அவர் காதுல முழுசா விழட்டும்."