சம்பந்தி கொடுத்த ஃபேஸ் மாஸ்க்

மணமக்களுக்கு அறிவுரை சொல்லணும்னு என்னை மேடை ஏத்தியிருக்காங்க. கல்யாண வீட்டு அறிவுரையை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை... சாம்பார் வாசனை வேற வர ஆரம்பிச்சிடுச்சு. அதனால, இலை போடுறதுக்குள்ள முடியிற மாதிரி ஒரு குட்டிக் கதை சொல்லிட்டு இறங்கிடறேன்.

சென்னையில தண்டபாணின்னு ஒருத்தர். பேங்க்ல இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சௌந்தரம். ஒரே பொண்ணு கோமதியைத் திருநெல்வேலியில கட்டிக் கொடுத்திருந்தாங்க. சம்பந்தி பேரு ஆவுடையப்பன்.

பொங்கலுக்கு ஆவுடையப்பன் ஒரு பட்டுக்கரை வேட்டி எடுத்துக் கொடுத்தார். நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருத்தர் எடுத்துக் கொடுத்த துணியை, அடுத்து அவங்க வீட்டுக்குப் போகும்போது உடுத்திக்கிட்டுப் போகணும். தண்டபாணி போனாரு... எப்படிப் போனாரு? பேண்ட் போட்டுக்கிட்டுப் போனாரு. ஆவுடையப்பன் அந்தப் பேண்டை மேலேருந்து கீழே வரைக்கும் பார்த்தார். "கரை புடிக்கல போல"ன்னு சொன்னார். அவ்வளவுதான். ஆடி வரைக்கும் போன் இல்லை.

சமாதானத்துக்கு தண்டபாணி ஒரு கழுத்துத் தலையணை அனுப்பினார். ரயில்ல, பஸ்ஸுல மாட்டிக்கிட்டுத் தூங்குவாங்களே, லாடம் மாதிரி... அது. பதிலுக்கு ஆவுடையப்பன் என்ன அனுப்பினார்? வேட்டியா? இல்லை. ஃபேஸ் மாஸ்க்.

இது என்னன்னு பெரியவங்களுக்குச் சொல்லிடறேன். மூஞ்சி அளவுக்கு ஒரு ஈரத் துணி. கண்ணுக்கு ரெண்டு ஓட்டை, வாய்க்கு ஒரு ஓட்டை. நத்தையோட கோழையில ஊற வெச்சது. நத்தை ஊர்ந்து போன இடத்தை பினாயில் போட்டுக் கழுவின ஜனங்க நாம... இன்னைக்கு அதையே மூஞ்சியில ஒட்டிக்கிட்டு ஃபேனுக்கு அடியில படுத்திருக்கோம். ஆவுடையப்பன் தெருவுல எல்லாரும் அப்படித்தான் படுத்திருக்காங்களாம்.

இப்பதான் விஷயத்துக்கு வர்றேன். கோமதிக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு முடிச்சு, தலைப்பிரசவத்துக்குப் பொண்ணை அழைச்சுட்டு வரணும். தண்டபாணிக்கு ஒரே பயம். இந்தத் தடவையும் அந்த மனுஷன் முகம் கோணிக்கிட்டு, "பிரசவத்தை இங்கேயே பாத்துக்கிடுவோம்"னு சொல்லிட்டா? பொண்ணு வராது. பேரப்பிள்ளையை வீடியோவுலதான் பார்க்கணும்.

வேட்டியை எடுத்து வெச்சார். அப்புறம் யோசிச்சார்... கடைசியா வந்த துணி வேட்டி இல்லையே, மாஸ்க் ஆச்சே.

சௌந்தரம் எவ்வளவோ எடுத்துச் சொன்னாங்க. வீட்டுலயே போட்டுக் கழுவிட்டுப் போனா முகம் பளபளன்னு இருக்கும், அது போதாதான்னு கேட்டாங்க. தண்டபாணி நிதானமா சொன்னார்: "நான் பளபளன்னு போய் நின்னா, அது அவர் கொடுத்ததுன்னு அவருக்கு எப்படிடீ தெரியும்? என் மூஞ்சியை நீயே உத்துப் பார்த்ததில்லை."

ரயில் கோவில்பட்டி தாண்டினதும் மாட்டிக்கிட்டார். கூட வந்த சௌந்தரம் எழுந்து போய், யாரோ மாதிரி எதிர் ஸீட்டுல உட்கார்ந்துட்டாங்க. டிக்கெட் பரிசோதகர் வந்தார். ஆதாரைப் பார்த்தார், மாஸ்க்கைப் பார்த்தார். "போட்டோவுக்கு இது தேவலை சார்"னு சொல்லிட்டு அடுத்த ஸீட்டுக்குப் போயிட்டார்.

திருநெல்வேலி வந்தாச்சு. வந்தாச்சுன்னா... ஊருக்கு வெளியே. நம்ம வண்டிங்களுக்கு ஒரு பழக்கம். ராத்திரி பூரா பறந்து வந்துட்டு, ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிஞ்சதும் நின்னுடும். பெட்டியை இறக்கி, செருப்பை மாட்டி, கதவுகிட்ட நம்மளை ஒருத்தர் முதுகுல ஒருத்தரா நிக்க வெச்சுட்டு, ஒரு மணி நேரம் யோசிக்கும். அந்த ஒரு மணி நேரத்துல மாஸ்க் காய்ஞ்சு அப்பளமாயிடுச்சு. ஓட்டை இருந்தும் தாடை அசையலை, வாய் திறக்கலை.

பிளாட்பாரத்துல இறங்கினார். எதிர்ல மாப்பிள்ளை, கோமதி, நடுவுல ஆவுடையப்பன். வேர்த்துக் கொட்டுது மனுஷனுக்கு. ஏன்? கழுத்துல... அந்தத் தலையணை. ஆவுடையப்பன் எங்கேயும் போகலைங்க. பிரயாணம் பண்றவரை வரவேற்க வந்திருக்கார். வீட்டுலேருந்தே மாட்டிக்கிட்டு வந்திருக்கார். கழுத்து திரும்பலை, சம்பந்தியைத் தேட, ஆளே முழுசா சுத்திச் சுத்தி நின்னுருக்கார்.

ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டாங்க. கோமதி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உதட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறா... சிரிச்சா எந்த அப்பா கோவிச்சுப்பார்னு அவளுக்குத் தெரியலை.

ஆவுடையப்பன், பிரயாணமெல்லாம் சௌகரியமான்னு கேட்டார்.

"ம்."

அவர் முகம் மாறிச்சு. "என்ன சம்பந்தி, ஒத்த வார்த்தை பேச மாட்டேங்கிய. கோவமா?"

போச்சு. எல்லாம் போச்சு. பேசணும்னா மாஸ்க்கைக் கழட்டணும். கொடுத்தவர் கண்ணு முன்னாடி, அவர் கொடுத்ததைக் கழட்டணும். தண்டபாணி கோமதியைப் பார்த்தார்... தாடையில விரலை விட்டார். பர்ர்னு உரிச்சார். மீசையில நாலு முடியும் கூடவே வந்துச்சு.

"கோவம் இல்லைங்க. வாய் ஒட்டிக்கிச்சு."

ஆவுடையப்பன் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அப்ப... நானும் இதைக் கழத்திரலாமா?"

"தாராளமா கழட்டுங்க சம்பந்தி."

"நீங்க தப்பா நெனைச்சுக்கிட்டு, பிள்ளைய இனி இங்க அனுப்ப மாட்டியளோன்னு பயந்துட்டேன்."

கோமதி அப்பதான் சிரிச்சா. வளைகாப்பு முடிஞ்சு சென்னை போய்ச் சேர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு சிரிப்பை நிறுத்தலை.

எதுக்கு இதைச் சொல்றேன்? இந்த மேடைக்குப் பின்னால அடுக்கியிருக்கிற பெட்டிகளைப் பார்த்தேன். ஒவ்வொண்ணையும் ஒருத்தர் ஆசையாத்தான் கொடுத்திருக்கார். ஆனா நாம என்ன பண்றோம்? பொருளைக் கொடுத்துட்டு கண்ணை அதுமேலயே வெச்சுட்டு வந்துடறோம். கட்டினாங்களா, மாட்டினாங்களா, ஷோகேஸ்ல வெச்சாங்களா... அந்தக் கண்ணுக்குப் பயந்துக்கிட்டு ரெண்டு நல்ல மனுஷங்க பிளாட்பாரத்துல வேர்த்து நிக்கிறாங்க. கழட்டிடுங்கன்னு சொல்ல எத்தனை நேரமாகும்? கொடுக்கும்போதே சொல்லிட்டா என்ன?

நான் சொல்லிடறேன். மாப்பிள்ளை, அந்தப் பச்சைத் தாள் சுத்தின பார்சல் என்னோடது. உள்ளே இருக்கிறது கொசுவலை. நான் உங்க வீட்டுக்கு வரும்போது... நீங்க ரெண்டு பேரும் அதை விட்டு வெளியே வந்தே என்னை வரவேற்கலாம்.